மங்காவிலிருந்து அனிமே எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது: ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஓர் அனிமேயை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படைப்பை, பார்த்து முடித்தபின் அதன் மூல மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் தொகுதியிலேயே ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, ‘அப்படியே எடுத்திருக்கிறார்கள்’ என்பார்கள். இல்லையென்றால் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்பார்கள். இரண்டுமே ஒப்பீடு ஆகாது. எது மாறியிருக்கிறது, எந்த நெருக்கடியால் மாறியது, அந்த மாற்றம் கதையின் பிற்பகுதியில் எங்கே தலைகாட்டுகிறது என்ற மூன்றையும் சொல்ல முடிந்தால்தான் ஒப்பிட்டதாகப் பொருள். இவற்றுள் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்பதைப் பெரும்பாலும் அந்தக் கேள்வியே தீர்மானிக்கிறது. கீழே விளக்குவதற்காகச் சில கதைகளின் முடிவுகளையும் முக்கிய மரணங்களையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டிருக்கிறேன். டெத் நோட், ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட், ஹன்டர் × ஹன்டர் ஆகியவற்றை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இதைப் பிறகு படிப்பதே நல்லது.

முதலில் எந்தக் கதையை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒன் பீஸ் போன்ற நெடுந்தொடரில் தொடங்குவது வீண்; 1997-இல் தொடங்கிய மங்காவையும் 1999-இல் தொடங்கிய அனிமேயையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க ஓர் ஆயுளே வேண்டியிருக்கும். மங்கா முடிந்திருக்க வேண்டும், அனிமேயும் முடிந்திருக்க வேண்டும், இரண்டும் அளவாக இருக்க வேண்டும். சுகுமி ஓபா எழுதி தாகேஷி ஓபாதா வரைந்த டெத் நோட் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது: 12 தொகுதிகள், 108 அத்தியாயங்கள்; 2003 முதல் 2006 வரை வெளிவந்து முடிந்த பிறகே மேட்ஹவுஸ் ஸ்டுடியோ, தெத்சுரோ அராகியின் இயக்கத்தில், 37 எபிசோடுகளாக அதை எடுத்தது. கதை முடிவதற்குள் அனிமே முந்திக்கொண்டது என்ற சிக்கல் இங்கே இல்லை என்பதால், கண்ணில் படும் மாற்றங்கள் எல்லாம் தெரிந்தே செய்யப்பட்டவை.

அடுத்து, எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மங்கா முதலில் வார இதழிலோ மாத இதழிலோ வருகிறது. பிறகு தொகுதியாகும்போது ஆசிரியர் படங்களைத் திருத்துவதும் பக்கங்களைச் சேர்ப்பதும் உண்டு. அட்டாக் ஆன் டைட்டனின் கடைசி அத்தியாயம் 34ஆம் தொகுதியில் கூடுதல் பக்கங்களோடுதான் வந்தது. அனிமேயிலும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் ப்ளூரேயில் வந்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டோக்கியோ கூலின் முதல் சீசன் ஒளிபரப்பில் ரத்தக் காட்சிகள் இருட்டடிக்கப்பட்டிருந்தன, வீட்டுப் பதிப்பில் அவை திரும்பிவந்தன. ஒளிபரப்பு விதிக்காகச் செய்த வெட்டை இயக்குநரின் கணக்கில் எழுதிவிட்டால் ஒப்பீடு தொடக்கத்திலேயே பிழையாகிவிடும்.

டப்பிங் வேறொரு தனி அடுக்கு. ஸ்ட்ரீமிங் தளமான கிரஞ்சிரோல் இப்போது சில அனிமேக்களைத் தமிழிலும் தருகிறது. டீமன் ஸ்லேயரின் ‘இன்ஃபினிட்டி காசில்’ திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலோடும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. ரசிப்பதற்கு அதில் தடையே இல்லை. ஒப்பிடுவதற்கு மட்டும் ஜப்பானியக் குரலையும் சப்டைட்டிலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன் பீஸின் பழைய அமெரிக்க டப்பிங்கில் சாஞ்சி என்ற பாத்திரத்தின் சிகரெட் லாலிபாப்பாக மாறியதற்கு ஜப்பானிய ஸ்டுடியோ பொறுப்பாகாது அல்லவா?

பதிப்பு முடிவானதும் பார்க்கவோ படிக்கவோ தொடங்கும் முன் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். ஓர் எபிசோடுக்கு எத்தனை அத்தியாயங்கள் செலவாகியிருக்கின்றன என்பதே அந்தக் கணக்கு. வார இதழின் ஓர் அத்தியாயம் பொதுவாக 19 பக்கம் அளவில் இருக்கும். 24 நிமிட எபிசோடில் தொடக்கப் பாடலுக்கும் முடிவுப் பாடலுக்கும் தலா ஒன்றரை நிமிடம் போக ஏறத்தாழ 21 நிமிடமே கதைக்கு மிஞ்சும். இந்த இடத்தில் இரண்டு, இரண்டரை அத்தியாயங்கள் இயல்பாக அமரும். ஃப்ரீரென் முதல் சீசன் 28 எபிசோடுகளில் ஏறத்தாழ 60 அத்தியாயங்களைச் சொல்கிறது. அதில் மூச்சு விட இடம் இருப்பதன் காரணம் இந்த எண்ணிலேயே தெரிகிறது. டெத் நோட்டை முழுவதுமாக வகுத்தால் எபிசோடுக்கு மூன்று அத்தியாயத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், குறை சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் கொலைகாரனான நாயகன் லைட்டைத் துரத்தும் துப்பறிவாளன் எல் இறக்கும் இடத்தில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மங்காவில் அது 58ஆவது அத்தியாயம், அனிமேயில் 25ஆவது எபிசோட்; அதாவது எபிசோடுக்கு 2.3 அத்தியாயம். மீதமுள்ள 50 அத்தியாயங்களும் 12 எபிசோடுகளுக்குள் அடைக்கப்பட்டதால் எண் 4.2 ஆக உயர்கிறது. எல்லுக்குப் பின் லைட்டைத் துரத்தும் நியர், மெல்லோ இருவரும் மனத்தில் ஒட்டவில்லை என்று அனிமே பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மங்கா வாசகர்களிலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டுதான். ஆனால் இந்தப் பகுதிக்கு அனிமே தந்த இடம் முதல் பகுதிக்குத் தந்ததைவிட மிகக் குறைவு என்பதை இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே சராசரியை மட்டும் போடாதீர்கள்; கதை திரும்பும் இடங்களில் வெட்டிவெட்டிப் போடுங்கள். தி பிராமிஸ்ட் நெவர்லேண்டின் முதல் சீசன் 12 எபிசோடுகளில் 37 அத்தியாயங்களைச் சொன்னது. 181 அத்தியாயங்கள் கொண்ட மங்காவின் எஞ்சிய 144-ஐயும் 2021-இல் வந்த இரண்டாம் சீசன் 11 எபிசோடுகளில் முடித்துவைத்தது. எபிசோடுக்கு 13 அத்தியாயம் என்று வரும்போது அதைத் தழுவல் என்று அழைப்பதே சிரமம். கோல்டி பாண்ட் என்ற பகுதி முழுவதும் காணாமல் போனதைப் பார்க்காமலே ஊகித்துவிடலாம்.

எண் மிகக் குறைவாக இருந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மங்கா இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே அனிமேயும் வாரந்தோறும் ஓடினால், சில ஆண்டுகளில் அனிமே மூலத்தின் குதிகாலை மிதிக்கத் தொடங்கிவிடும். அப்போது ஸ்டுடியோவுக்கு மூன்று வழிகள்தான் உண்டு. ஒன்று இழுப்பது: ஒன் பீஸ் அனிமேயில் நெடுங்காலமாக ஓர் எபிசோடுக்கு ஓர் அத்தியாயம்கூட முழுதாகச் செலவானதில்லை. இரண்டாவது, மங்காவில் இல்லாத ஃபில்லர் கதையைச் செருகுவது: 220 எபிசோடுகள் கொண்ட முதல் நரூட்டோவில் 135ஆவது எபிசோடுக்குப் பின் வருபவை ஏறத்தாழ முழுவதும் இப்படிப்பட்டவை; ப்ளீச்சில் 64 முதல் 108 வரையிலான பவுண்ட் கதையும் அப்படியே. மூன்றாவது, தானே ஒரு முடிவை எழுதிக்கொண்டு விலகிவிடுவது. இன்று பெரும்பாலான தொடர்கள் 12 அல்லது 24 எபிசோடுகள் கொண்ட சீசன்களாக இடைவெளி விட்டு வருவதால் இந்த நெருக்கடி குறைந்திருக்கிறது. நின்றுபோன ப்ளீச் பத்தாண்டுகள் கழித்து 2022-இல் திரும்பியபோது முடிந்துவிட்ட மங்கா அதன் கையில் இருந்தது.

ஃபில்லர் என்றாலே தாண்டிவிட வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். நேரமில்லாதவர்களுக்கு அது உதவும்; ஒப்பிடுபவர்களுக்கு உதவாது. டிராகன் பால் இசட்டில் கோக்கூவும் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் எபிசோட் மங்காவில் கிடையாது. ஆனால் அந்த இருவரையும் பற்றி அது சொல்வதில் மூலத்துக்கு முரணானது எதுவும் இல்லை. ஒன் பீஸின் ஜி-8 பகுதி, 196 முதல் 206 வரையிலான எபிசோடுகள், ஒவ்வொரு பாத்திரத்தின் குணத்தையும் சரியாகப் பிடித்த ஃபில்லர். ஃபில்லர் எழுதும் கைக்கு மூலம் எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்பதை அளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தானே முடிவு எழுதிக்கொண்ட வகைக்கு ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்டைவிடச் சிறந்த பாடம் இல்லை. அதற்குச் சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள். ஹிரோமு அரகாவாவின் மங்கா 2001 முதல் 2010 வரை மாத இதழில் வந்து 27 தொகுதிகளானது. போன்ஸ் ஸ்டுடியோ, சேஜி மிசுஷிமாவின் இயக்கத்தில், 2003 அக்டோபரில் 51 எபிசோடுகள் கொண்ட முதல் அனிமேயைத் தொடங்கியபோது மங்கா முடிய இன்னும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருந்தன. அதே ஸ்டுடியோ 2009-இல் யசுஹிரோ இரியேயின் இயக்கத்தில் பிரதர்ஹுட் என்ற பெயரில் 64 எபிசோடுகளாக மறுபடியும் எடுத்தது. அது மங்காவின் முடிவோடு ஏறத்தாழ ஒரே நேரத்தில், 2010 ஜூலையில் முடிந்தது. ஒரே மூலம், ஒரே ஸ்டுடியோ, இரண்டு அனிமே: இப்படி ஒரு வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. முதல் அனிமேயின் முடிவு தன் மங்காவின் முடிவாக இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர் அரகாவாவே என்பதையும் நினைவில் வையுங்கள். மூல ஆசிரியரை மீறிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே எடுபடாது.

இதில் தேட வேண்டியது மாறிய நிகழ்ச்சிகளின் பட்டியலை அல்ல. மாறிய ஒரு விதியை. மங்காவில் ஹோமன்குலஸ்கள் எனப்படும் செயற்கை மனிதப் பகைவர்கள், ‘தந்தை’ எனப்படும் பாத்திரம் தன் ஏழு பாவங்களைத் தன்னிடமிருந்து பிரித்தெடுத்து உருவாக்கியவை. 2003 அனிமேயிலோ, இறந்த மனிதரை உயிர்ப்பிக்க ஒரு ரசவாதி முயன்று தோற்கும்போது எஞ்சுவதுதான் ஹோமன்குலஸ். இந்த ஒரு வரி மாறியதும் கதை முழுவதும் வேறு திசைக்குப் போய்விடுகிறது. கதையின் நாயகர்களான எல்ரிக் சகோதரர்கள் தாயை உயிர்ப்பிக்க முயன்று தோற்றவர்கள். ஆகவே அனிமேயில் ‘சோம்பல்’ என்ற பகைவி அவர்களுடைய தாயின் முகத்தோடு வருகிறாள். மங்காவில் அதே பெயரில் வருவது சுரங்கம் தோண்டும் ஒரு பேருருவம். ஆசிரியை இசுமி இழந்த குழந்தை அனிமேயில் ‘கோபம்’ ஆகிறது. மங்காவில் அந்தப் பெயர் நாட்டின் தலைவரான கிங் பிராட்லிக்கு உரியது. மங்காவில் ஒரு நாட்டையே பலியிடத் திட்டமிடும் சதி கதையின் முதுகெலும்பு. 2003 அனிமேயில் ஒவ்வொரு பகைவனும் யாரோ ஒருவர் செய்த தவறின் மிச்சம். அரசியல் கதை ஒன்று குற்ற உணர்வின் கதையாக மாறியதை இப்படி ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடிக்கலாம். முடிவில் மூத்த சகோதரன் எட்வர்ட் தன் உலகத்தை இழந்து நம்முடைய உலகத்து ஜெர்மனியில் வந்து நிற்பது பலருக்கும் எரிச்சலூட்டியது. அந்த முடிவின் கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கான ஆயத்தம் கடைசி எபிசோடுகளில் அவசரமாகத் திணிக்கப்பட்டது என்பதே என் குறை.

இதே இரண்டு அனிமேக்களில் இன்னொன்றையும் பார்க்கலாம்: ஒரே மரணத்துக்கு எவ்வளவு முன்னேற்பாடு. சகோதரர்களுக்கு நெருக்கமான ராணுவ அதிகாரி மேஸ் ஹியூஸ் மங்காவின் நான்காம் தொகுதியில் கொல்லப்படுகிறார். பிரதர்ஹுட்டில் அது 10ஆவது எபிசோட். 2003 அனிமேயில் 25ஆவது. 2003 அனிமே, அவருடைய மகள் பிறக்கும் நாளில் சகோதரர்களை அந்த வீட்டிலேயே இருக்கச் செய்கிறது. அது மங்காவில் இல்லாத காட்சி. பிரதர்ஹுட்டை எடுத்தவர்கள், முந்தைய அனிமேயில் ஏற்கெனவே படமாக்கப்பட்ட தொடக்கப் பகுதியை விரைந்து கடந்துவிட்டு மங்காவின் புதிய பகுதிக்குப் போக வேண்டிய நிலையில் இருந்தார்கள். யூஸ்வெல் சுரங்கக் கதையை அதன் இடத்தில் சொல்லாமலே விட்டார்கள். மொத்தத்தில் மங்காவுக்கு நெருக்கமானது பிரதர்ஹுட்தான், ஆயினும் ஹியூஸின் இறுதிச் சடங்கில் அதிகம் கனப்பது விலகிச் சென்ற அனிமே. நெருக்கமும் தாக்கமும் ஒன்றாகப் போவதில்லை என்பதற்கு இந்த 15 எபிசோடு வித்தியாசமே சான்று.

பெரிய விலகல்களைக் கண்டுகொள்வது எளிது. சிறிய வெட்டுக்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும், ஏனென்றால் அதன் விளைவு மிகவும் தள்ளி வரும். தோகாஷியின் ஹன்டர் × ஹன்டர் மங்காவின் முதல் அத்தியாயத்திலேயே கைட் வருகிறான். காட்டில் விலங்கிடமிருந்து சிறுவன் கோனைக் காப்பாற்றுகிறான், இறந்துவிட்டதாகக் கோன் நம்பியிருந்த தந்தை உயிரோடு இருப்பதையும் அவர் ஒரு ஹன்டர் என்பதையும் சொல்கிறான். 1999-இல் வந்த முதல் அனிமே இதை வைத்துக்கொண்டது. 2011-இல் மேட்ஹவுஸ் எடுத்த 148 எபிசோடு அனிமே, முதல் எபிசோடில் இதை விட்டுவிட்டுக் கோனை நேராகப் பயணத்துக்கு அனுப்பியது. பார்க்கும்போது ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. எழுபதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் கழித்து, கைமேரா எறும்புகள் பகுதிக்குச் சற்று முன்பு, கைட் வரும்போது அந்தச் சந்திப்பை நினைவுக் காட்சியாகச் செருக வேண்டியதாயிற்று. கைட்டுக்கு நேர்ந்ததற்காகக் கோன் தன்னையே அழித்துக்கொள்ளும் அளவுக்குக் கோபம் கொள்ளும் 131ஆவது எபிசோட் அந்தத் தொடரின் உச்சங்களில் ஒன்று. ஆனால் அந்தக் கோபத்தின் வேர், மங்கா வாசகனுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்த ஒருவன்மீது ஊன்றியிருக்கிறது, அனிமே பார்த்தவனுக்குச் சமீபத்தில் அறிமுகமான ஒருவன்மீது. இத்தகைய இடங்களுக்காகவே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். விடுபட்டதைக் குறித்து, அதன் எதிரே ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். தொடர் முடிவதற்குள் அந்தக் காலியிடம் நிரம்புகிறதா என்று பாருங்கள். நிரம்பாவிட்டால் அது தேவையற்றது என்று கருதி வெட்டியவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

இனி, கதையே மாறாமல் ஊடகம் மட்டும் மாறும் இடங்கள். மங்கா வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவது. இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வியை நிறுத்தி, பக்கத்தைப் புரட்டியதும் பதிலை முழுப்பக்கப் படமாக வைப்பது ஆசிரியரின் பழகிய ஆயுதம். அனிமேயில் புரட்டுவதற்குப் பக்கம் இல்லை. எனவே திடுக்கிடும் காட்சிகளை ஒப்பிடும்போது, அந்தப் பக்கத் திருப்பத்தின் இடத்தில் இயக்குநர் எதை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்: இசை நிற்கிறதா, காட்சி இருட்டாகிறதா, எபிசோடே அங்கே முடிகிறதா? மனத்துக்குள் ஓடும் பேச்சும் இதைப் போன்றதே. பலூனில் படித்தால் ஒரு நொடியில் முடியும் சிந்தனையைக் குரலில் சொன்னால், எதிராளி அதுவரை அசையாமல் நிற்க வேண்டியிருக்கும். டெத் நோட் அதை ஏற்றுக்கொண்டு, லைட்டின் சிந்தனைக்கு நிறமும் இசையும் சேர்த்து ஓட்டுகிறது. பிராமிஸ்ட் நெவர்லேண்டின் முதல் சீசன் மனப்பேச்சைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, கதவிடுக்கு, கண்ணின் அசைவு, நீண்ட நடைவழி ஆகியவற்றை வைத்து அச்சத்தைக் கட்டுகிறது. குழந்தைகளின் திட்டங்கள் எவ்வளவு நுணுக்கமானவை என்பது அதில் ஓரளவு மறைந்துபோகிறது என்றாலும், அந்த வீட்டின் பயங்கரம் மங்காவைவிடக் கூடுதலாகவே உறைக்கிறது.

மூல ஆசிரியரே அனிமேயை இயக்கினால் மாற்றம் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். கட்சுஹிரோ ஒதோமோ அகிராவைத் திரைப்படமாக்கிய 1988-இல் அவருடைய மங்கா முடியவே இல்லை. தாகேஹிகோ இனோவேயின் கூடைப்பந்து மங்காவான ஸ்லாம் டங்க் 1996-இல் முடிந்தது; அதே ஆண்டு 101 எபிசோடுகளோடு நின்ற தொலைக்காட்சித் தொடர், சன்னோ அணியோடு நடக்கும், மங்காவின் கடைசி ஆட்டத்தைத் தொடவில்லை. 2022 டிசம்பரில் இனோவே தாமே இயக்கிய திரைப்படம் அந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் கதையின் நாயகனாகச் சகுராகியை வைக்காமல், மங்காவில் பின்னணியே அதிகம் சொல்லப்படாத அணித் தோழன் மியாகியின் குடும்பத் துயரத்தை நடுவில் வைத்தது. அதே வேளையில், ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் மங்கா வசனத்தையும் ஒலிச் சொற்களையும் கைவிட்டுப் படங்களை மட்டும் அடுக்கிச் செல்வதைப் போலவே திரைப்படமும் ஒலியை அறவே நிறுத்திவிடுகிறது. கதையில் துணிந்து விலகியவர், வடிவத்தில் இவ்வளவு உண்மையாக இருக்கிறார். ஆகவே குறிப்பேட்டில் கதைக்கும் வடிவத்துக்கும் தனித்தனிப் பத்தி வைப்பது நல்லது.

சேர்க்கப்பட்ட காட்சிகளைப் பார்க்கும்போது, அவை எதைத் தெளிவாக்குகின்றன என்பதோடு எதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன என்றும் கேட்க வேண்டும். டெத் நோட்டின் 25ஆவது எபிசோடில் எல் மொட்டைமாடியில் மழையில் நனைந்துகொண்டு மணியோசை கேட்பதாகச் சொல்கிறான். பின்பு படிக்கட்டில் அமர்ந்து லைட்டின் கால்களைத் துடைத்துவிடுகிறான். மங்காவில் இவை இரண்டும் கிடையாது. அங்கே எல் தன் மரணத்தை உணர்ந்திருந்தான் என்பதற்கு இப்படி ஒரு அறிகுறி இல்லை, அவன் தோல்வி சட்டென்று நிகழ்கிறது. இறுதியிலும் அனிமே இதே வழியில் போகிறது. மங்காவின் லைட் கிடங்கிலேயே மரண தேவன் ரியூக்கிடம் கெஞ்சி, சாக விரும்பவில்லை என்று அலறிச் சாகிறான். அனிமேயின் லைட் காயத்தோடு ஓடி, மாலை வெளிச்சத்தில் தன் பழைய உருவத்தைக் கடந்து, ஒரு படிக்கட்டில் அமைதியாகக் கண்மூடுகிறான். ஓவியமாக அனிமேயின் முடிவு அழகானது. ஆனால் கொலைகாரன் ஒருவனுக்கு ஓபா மறுத்த கண்ணியத்தை அது கொடுத்துவிடுகிறது என்பதால் நான் மங்காவின் பக்கமே நிற்பேன். செயின்சா மேனின் 4ஆவது எபிசோடில் அகி விடிகாலையில் எழுந்து காபி தயாரிக்கும் நீண்ட காட்சியும் சேர்க்கப்பட்டதுதான். அது எதையும் தீர்ப்புச் சொல்வதில்லை, அவன் தனிமையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு எபிசோடின் முடிவில் ஓடும் பெயர்களைப் படியுங்கள். தொடரின் கதையமைப்பைக் கவனிப்பவர் வேறு, அந்த எபிசோடின் திரைக்கதை எழுதியவர் வேறு, ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளின் முன்வரைவு, வரைந்தவர் வேறு. எந்த அத்தியாயம் எந்த எபிசோடில் வர வேண்டும் என்பது முதலாமவர் மேசையில் முடிவாகிறது. ஒரு முகம் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பது மூன்றாமவர் கையில் இருக்கிறது. அவர்களுக்கும் மேலே பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம் முதலியவை சேர்ந்த தயாரிப்புக் குழு எத்தனை எபிசோடு என்பதை வரையறுத்துவிடுகிறது. டெத் நோட்டின் இரண்டாம் பாதி நெருக்கடியையும் மொட்டைமாடி மழையையும் ஒரே ஆள்மீது ஏற்றுவது நியாயமாகாது.

எழுதி வைக்கும்போது ‘மங்காவில் வேறு மாதிரி’ என்று நிறுத்தாமல், அத்தியாய எண்ணையும் எபிசோட் எண்ணையும் சேர்த்தே குறியுங்கள். எந்தத் திசையில் மாறியது என்பதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் சில வேளைகளில் அனிமே பிந்தைய திருத்தமாகவும் இருக்கும். அட்டாக் ஆன் டைட்டனின் மங்கா 2021 ஏப்ரலில் முடிந்தபோது ஆர்மினும் எரெனும் பேசும் கடைசி உரையாடல் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. படுகொலை செய்த எரெனுக்கு அவன் நண்பன் ஆர்மின் நன்றி சொல்வதாக அமைந்த வரி அதன் மையம். 2023 நவம்பரில் வந்த இறுதி அனிமேயில் மூல ஆசிரியர் இசயாமாவே அந்த உரையாடலைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். அங்கே ஆர்மின் குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டென்று ஏற்கிறான். இந்த ஒரு காட்சியை ஒப்பிடும்போது மங்காவை முதல் வரைவாகவும் அனிமேயைத் திருத்திய பிரதியாகவும் வைத்துப் படியுங்கள்.